உடம்புக்குள்ளிருந்து வரும் எதிரொலி: முதல்முறை அல்ட்ராசவுண்ட் ஸ்கேனுக்குப் போகிறவர்களுக்கு

கொலக்கம்பைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் அக்காவின் முகம் இன்னும் என் நினைவில் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் இலை பறிப்பவர். அடிவயிற்று வலிக்காக டாக்டர் ஸ்கேன் எழுதிக் கொடுத்திருந்தார். "நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, சிறுநீர் கழிக்காமல் வாருங்கள்" என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவரும் சொன்ன சொல் தவறாமல் விடியற்காலையில் ஒரு பெரிய செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு பஸ் ஏறியிருக்கிறார். ஐப்பசி மழை. வழியில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது. குளிரும் மழையுமாக வளைவுச் சாலையில் எவ்வளவு நேரம்தான் அடக்கிக்கொண்டிருக்க முடியும்? இறங்கி, மறைவாக ஓர் இடம் தேடி ஒதுங்கிவிட்டு வந்திருக்கிறார். குன்னூரில் எங்கள் ஸ்கேன் அறை வாசலை அடைந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. "இன்றைக்கு ஸ்கேன் எடுக்க மாட்டீர்களா? ஒரு நாள் கூலி போய்விட்டதே" என்று கேட்டார்.

உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தோம். ஒரு மணி நேரத்தில் ஸ்கேன் முடிந்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம். தண்ணீரைக் குன்னூருக்கு வந்த பிறகு குடித்தால் போதும் என்று யாராவது ஒருவர் அவரிடம் சொல்லியிருந்தால், அந்த பஸ் பயணம் அத்தனை வேதனையாக இருந்திருக்காது.

ஸ்கேன் அறையில் டாக்டருக்கு உதவியாளராக 16 வருடங்களாக வேலை செய்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கும், ஏன் என்று சொல்லப்பட்டிருக்காது. காரணம் தெரியாததால் சிலர் தேவையில்லாமல் தண்ணீர்கூடக் குடிக்காமல் வாடிப்போய் வருகிறார்கள். சிலர் காலையில் ஒரே ஒரு டீதானே என்று குடித்துவிட்டு வந்து, மறுநாள் மறுபடி மலையேறுகிறார்கள். காரணம் புரிந்துவிட்டால் இந்த அலைச்சல் பாதி குறையும். அதற்கு ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்: எதிரொலி.

இந்த ஸ்கேன் படம் எடுப்பதில்லை, கேட்கிறது

நீலகிரியில் வளர்ந்தவர்களுக்கு எதிரொலியைப் பற்றிப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. தேயிலைச் சரிவின் விளிம்பில் நின்று எதிர்ப்பாறையைப் பார்த்துக் கூவாத பிள்ளை இங்கே உண்டா? மலை ரயில் குகைக்குள் நுழைந்தால் பெட்டி முழுக்கக் கூச்சல்தான். பனிமூட்டம் இறங்கி, எதிரே பாறை இருப்பதே தெரியாத நாளிலும் கூவினால் பதில் வரும். கூவி 2 நொடி கழித்துப் பதில் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். போவதற்கு ஒரு நொடி, திரும்புவதற்கு ஒரு நொடி. அப்படியானால் பாறை 340 மீட்டர் தள்ளி இருக்கிறது. பனிக்குள் கண்ணுக்கு எட்டாததைக் காது அளந்து சொல்லிவிட்டது.

அல்ட்ராசவுண்ட் எந்திரம் செய்வதும் இதே வேலைதான். டாக்டர் கையில் பிடித்து உங்கள் வயிற்றில் நகர்த்தும் கருவியை நாங்கள் 'ப்ரோப்' என்போம். அது உடம்புக்குள் ஒலியை அனுப்பிவிட்டு, திரும்பி வரும் எதிரொலிக்காகக் காத்திருக்கிறது. அந்த ஒலி நம் காதுக்குக் கேட்காது. மனிதக் காது நொடிக்கு 20 முதல் 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். ப்ரோப் அனுப்புவது பெரும்பாலும் நொடிக்கு 20 லட்சத்திலிருந்து ஒன்றரைக் கோடி அதிர்வுகள் வரை. உடம்பின் மென்மையான பாகங்களில் ஒலி காற்றில் போவதைவிட வேகமாக, நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர் போகிறது. 15 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும் ஓர் இடத்தைத் தொட்டுத் திரும்ப, ஒரு நொடியை ஐயாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு போதும். இப்படி நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை கூவிக் கூவி, வந்த பதில்களையெல்லாம் புள்ளிகளாக அடுக்கித்தான் திரையில் அந்தச் சாம்பல் நிறப் படம் வருகிறது.

கூவுவதும் அதே கருவிதான், கேட்பதும் அதே கருவிதான். இது எப்படி முடிகிறது என்பதற்கு உங்கள் சமையலறையிலேயே சாட்சி இருக்கிறது. கேஸ் அடுப்பு பற்றவைக்கும் லைட்டரை அழுத்தினால் 'டக்' என்று பொறி வருகிறது அல்லவா? அதற்குள் இருக்கும் படிகம் போன்ற பொருளை அடித்தால் மின்சாரம் பிறக்கும். அதே வகைப் பொருளுக்கு மின்சாரம் கொடுத்தால் அது அதிரும். 1880-இல் பிரான்சில் ஜாக் கியூரி, பியர் கியூரி என்ற அண்ணன் தம்பி கண்டறிந்த குணம் இது. ப்ரோப்பின் முனையில் இப்படிப்பட்ட நுண்ணிய துண்டுகள் வரிசையாக இருக்கின்றன. மின்சாரம் பட்டால் அவை அதிர்ந்து ஒலி எழுப்பும். எதிரொலி வந்து மோதினால் மின்சாரமாக மாற்றித் தரும்.

இதயத்துக்கு 'எக்கோ' எடுக்கச் சொன்னார்கள் என்று பயந்துகொண்டு வருகிறவர்கள் உண்டு. அந்த எக்கோவும் இதே அல்ட்ராசவுண்ட்தான். எக்கோ என்றால் எதிரொலி என்றே பொருள். சி.டி. ஸ்கேனில் எக்ஸ்ரே கதிர் இருக்கிறது. எம்.ஆர்.ஐ.யில் பெரிய காந்தக் குழாய்க்குள் படுக்க வேண்டும். ஊரில் எல்லாவற்றையும் 'ஸ்கேன்' என்று ஒரே சொல்லால் சொல்வதால், ஒன்றின் பயம் மற்றொன்றின் மேல் ஏறிவிடுகிறது. அல்ட்ராசவுண்டில் கதிர் இல்லை, குழாய் இல்லை, ஊசி இல்லை. காலில் கம்பி வைத்திருந்தாலும் தடை இல்லை.

எதிரொலி எங்கே பிறக்கிறது என்று பாருங்கள். ஒரு பொருள் முடிந்து இன்னொரு பொருள் தொடங்கும் எல்லையில்தான். கல்லீரல் முடிந்து சிறுநீரகம் தொடங்கும் இடத்தில் ஒலியில் கொஞ்சம் திரும்பும், மீதி உள்ளே போகும். தெளிந்த நீர் மட்டும் இருக்கும் இடத்தில் திருப்பி அனுப்ப எதுவும் இல்லை; அதனால் அது திரையில் கறுப்பாகத் தெரியும். நிரம்பிய சிறுநீர்ப்பை, பித்தப்பை, நீர்க்கட்டி எல்லாம் கறுப்பு. கல் என்றால் வந்த ஒலியை அப்படியே திருப்பிவிடும், பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். அதற்குப் பின்னால் ஒலி போகாததால் ஒரு கறுப்பு நிழல் விழும், மாலையில் தொட்டபெட்டாவின் பின்பக்கச் சரிவில் விழுகிற நிழலைப் போல.

காற்றுதான் இந்த ஸ்கேனுக்குப் பகை. உடம்பும் காற்றும் சந்திக்கும் இடத்தில் ஒலி ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும், அதைத் தாண்டி எதுவும் தெரியாது. நீர் இதற்கு நண்பன், ஒலியைத் தங்குதடையில்லாமல் உள்ளே விட்டுவிடும். ஸ்கேனுக்கு முன்னால் உங்களிடம் சொல்லப்படும் கட்டளைகளில் பெரும்பகுதி இந்த இரண்டிலிருந்து வருகிறது.

தண்ணீரும் வெறும் வயிறும்

அடிவயிற்று ஸ்கேன் என்றால் கருப்பை, சினைப்பை, ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்கு அடியில் இருக்கும் ப்ராஸ்டேட் சுரப்பி, இருபாலருக்கும் சிறுநீர்ப்பை. இவற்றுக்கு முன்னால் குடல் சுருண்டு கிடக்கிறது, குடல் நிறையக் காற்று. சிறுநீர்ப்பை நிரம்பினால் அது குடலை மேலே தள்ளிவிட்டு, தானே ஒரு ஜன்னலைப் போல நிற்கும். அந்த நீர் ஜன்னல் வழியாகத்தான் டாக்டர் கருப்பையைப் பார்க்கிறார். தண்ணீர் குடிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

எவ்வளவு? பெரியவர்களுக்குப் பொதுவாக 4, 5 டம்ளர், ஏறத்தாழ ஒரு லிட்டர், ஸ்கேனுக்கு ஒரு மணி நேரம் முன்னால். இதயக் கோளாறோ சிறுநீரகக் கோளாறோ இருந்து தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எங்கள் மலைக்காரர்களுக்கு நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: வீட்டில் குடித்துவிட்டு பஸ் ஏறாதீர்கள். கோத்தகிரியிலிருந்தோ மஞ்சூரிலிருந்தோ வருகிறீர்கள் என்றால், பாட்டிலில் வெதுவெதுப்பான நீரை எடுத்துக்கொள்ளுங்கள். வந்து, பெயர் கொடுத்து, எத்தனையாவது ஆள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன் பிறகு குடியுங்கள். குளிரில் சிறுநீர் சீக்கிரம் சேரும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். முட்டிக்கொண்டு வந்துவிட்டது, இன்னும் மூன்று பேர் முன்னால் இருக்கிறார்கள் என்றால் வெட்கப்படாமல் எங்களிடம் சொல்லுங்கள். முறை மாற்றி உள்ளே அனுப்பப் பார்ப்போம். அல்லது பாதி கழித்துவிட்டு வரச் சொல்வோம். அளவுக்கு மீறி நிரம்பியிருந்தாலும் படம் சரியாக வராது, உங்களுக்கும் நரக வேதனை.

மேல்வயிற்று ஸ்கேனுக்கு வெறும் வயிறு. கல்லீரல், பித்தப்பை, கணையம் ஆகியவற்றைப் பார்ப்பதற்கு 6 முதல் 8 மணி நேரம் சாப்பிடாமல் இருக்கச் சொல்வார்கள். இதில் பித்தப்பையின் கதையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். அது கல்லீரலுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு பை. நம் ஊர்ச் சந்தையில் கிடைக்கும் பேரிக்காயின் வடிவம், 7 முதல் 10 சென்டிமீட்டர் நீளம். சாப்பிடாமல் இருக்கும்போது பித்தநீர் சேர்ந்து நன்றாக உப்பி இருக்கும். கொழுப்புள்ள உணவு குடலுக்குள் இறங்கியதும் சுருங்கிப் பித்தத்தைப் பீய்ச்சிவிடும். சுருங்கிய பைக்குள் கல் இருக்கிறதா, சுவர் தடித்திருக்கிறதா என்று தெளிவாகச் சொல்வது கடினம்.

பாலிலும் கொழுப்பு இருக்கிறது. அதனால்தான் காலை டீ கூடாது. தேயிலைக்கு நடுவில் வாழ்கிற நம்மிடம் விடிந்ததும் டீ குடிக்காதீர்கள் என்று சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். என் மாமியார் டீ இல்லாமல் கண்ணே திறக்க மாட்டார். ஆனாலும் அந்த ஒரு நாள் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். பச்சைத் தண்ணீரோ வெந்நீரோ கொஞ்சம் குடிக்கலாம். ரத்த அழுத்த மாத்திரையை ஒரு மிடறு தண்ணீருடன் வழக்கம்போலப் போட்டுக்கொள்வதில் பொதுவாகத் தடை இல்லை. சர்க்கரை நோயாளிகள் மட்டும் கவனம். சாப்பிடாமல் மாத்திரையோ இன்சுலினோ போட்டுக்கொண்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம். அன்று காலை மருந்தை என்ன செய்வது என்று எழுதிக் கொடுத்த டாக்டரிடமே கேளுங்கள். காலையில் முதல் ஆளாக நேரம் கேட்டு வாங்குங்கள். கையில் பிஸ்கட்டோ இனிப்போ வைத்திருங்கள். பீடி, வெற்றிலை பாக்கு, சூயிங்கம் எதுவும் அன்று காலை வேண்டாம். அவற்றோடு காற்றையும் சேர்த்து விழுங்குகிறோம்.

தைராய்டு, கழுத்துக்கட்டி, மார்பகம், விரைப்பை, கை கால் ரத்தக் குழாய் ஆகியவற்றுக்கு எந்த ஆயத்தமும் வேண்டாம். சாப்பிட்டுவிட்டே வரலாம். எந்த ஸ்கேன் என்று தெரியாமல் பட்டினி கிடந்து வருகிறவர்களைப் பார்க்கும்போது மனம் தாங்காது. சீட்டைக் காட்டி முந்தின நாளே கேட்டுவிடுங்கள்.

உடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே குளிருக்கு ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வருகிறோம். மேலே தனி, கீழே தனி என்று சுலபமாக விலக்கக்கூடிய தளர்வான உடையாக இருந்தால் நல்லது. கழுத்து ஸ்கேனுக்குச் செயினைக் கழற்ற வேண்டியிருக்கும், வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தால் தொலையும் பயம் இல்லை.

அறைக்குள்ளே

விளக்கை மங்கலாக வைத்திருப்போம். திரை தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக மட்டுமே. கட்டிலில் மல்லாந்து படுக்கச் சொல்வோம். தோலுக்கும் ப்ரோப்புக்கும் நடுவே மயிரிழை அளவு காற்று இருந்தாலும் ஒலி உள்ளே போகாது, அதனால்தான் ஜெல். தண்ணீரில் செய்த கூழ் அது, கறை படியாது, துடைத்தால் போய்விடும். மார்கழி காலையில் அது பனிக்கட்டியைப் போல இருக்கும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். நான் பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி வைப்பேன். எல்லா இடத்திலும் அப்படி இருக்காது, ஒரு நொடி சில்லென்று திடுக்கிட வைக்கும், தயாராக இருங்கள்.

"மூச்சை நன்றாக இழுத்துப் பிடியுங்கள்" என்று டாக்டர் சொல்வார். கல்லீரலும் மண்ணீரலும் பாதிக்கு மேல் விலா எலும்புக்குள் ஒளிந்திருக்கின்றன. எலும்பும் ஒலியை மறிக்கும். மூச்சை இழுத்தால் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் இறங்கி அவற்றைக் கீழே தள்ளும், விலாவுக்கு அடியில் எட்டிப் பார்க்கும். பிடித்து வைத்தால் அசையாமல் இருக்கும். முடியாவிட்டால் விட்டுவிட்டு மறுபடி இழுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பந்தலூர்ப் பக்கத்திலிருந்து தமிழ் சரியாகப் பழகாத பழங்குடிப் பாட்டிகள் வரும்போது, மூச்சைப் பிடிக்கச் சொல்வது அவர்களுக்குப் புரியாது. கூட வந்த பேத்தியை உள்ளே கூப்பிட்டுச் சொல்ல வைத்தால் ஒரே நிமிடத்தில் வேலை முடியும். துணைக்கு ஒருவரை அழைத்து வருவதன் அருமை அங்கேதான் தெரியும்.

இடது பக்கம் திரும்பிப் படுங்கள் என்பார்கள். பித்தப்பையில் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது கல்லா, சுவரில் முளைத்த சதையா? நீங்கள் புரண்டு படுத்ததும் கல் என்றால் கோலிக்குண்டைப் போல உருண்டு பள்ளத்துக்குப் போய்ச் சேரும். சதை என்றால் இருந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். இதை முதன்முதலில் திரையில் பார்த்தபோது நான் மூச்சுவிட மறந்துவிட்டேன். வெறும் எதிரொலியை வைத்து, உள்ளே ஒரு கல் உருளுவதைக் கண்ணால் பார்க்க முடிகிறது!

ப்ரோப்பைக் கொஞ்சம் அழுத்துவார்கள். குடலில் இருக்கும் காற்றை ஒதுக்குவதற்காக. வலிக்கிற இடத்தில் அழுத்தினால் வலிக்கத்தான் செய்யும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டாம், சொல்லுங்கள். எந்தப் புள்ளியில் வலிக்கிறது என்பதே டாக்டருக்கு ஒரு துப்பு.

டாக்டர் பேசாமல் இருப்பார். இதைத்தான் பலரும் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். "முகத்தைச் சுளித்தார், ஏதோ பெரிதாக இருக்கிறது போல" என்று வெளியே வந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் அளந்துகொண்டிருக்கிறார். சிறுநீரகத்தின் இந்த முனையில் ஒரு குறி, அந்த முனையில் ஒரு குறி, இத்தனை சென்டிமீட்டர் என்று எண்ணுகிறார். நாம் ஊசியில் நூல் கோக்கும்போது பேசுவோமா? அதுபோலத்தான். நம் நாட்டில் பெரும்பாலும் ஸ்கேன் பார்ப்பவரே டாக்டராக இருப்பார், முடிந்த பிறகு தயங்காமல் கேட்கலாம்.

சிலரை, முக்கியமாக வயதான ஆண்களை, "போய்ச் சிறுநீர் கழித்துவிட்டு மறுபடி வாருங்கள்" என்பார்கள். இரண்டாவது முறை கூப்பிட்டாலே கெட்ட செய்தி என்று நினைத்துவிட வேண்டாம். கழித்த பிறகும் பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று பார்ப்பது ப்ராஸ்டேட் வீக்கத்துக்கான வழக்கமான அளவு.

திரையில் திடீரென்று சிவப்பும் நீலமும் ஓடினால் அது டாப்ளர். 108 ஆம்புலன்ஸ் நம்மை நோக்கி வரும்போது சைரன் கூர்மையாகவும், தாண்டிப் போனதும் மந்தமாகவும் கேட்கும் அல்லவா? 1842-இல் கிறிஸ்டியன் டாப்ளர் விளக்கிய அதே விதி. ஓடுகிற ரத்தத்தில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் அப்படி மாறும். வழக்கமாக ப்ரோப்பை நோக்கி வரும் ரத்தத்துக்குச் சிவப்பு, விலகிப் போகும் ரத்தத்துக்கு நீலம். நல்ல ரத்தம், கெட்ட ரத்தம் என்று பொருள் இல்லை.

பெண்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. கருப்பையையும் சினைப்பையையும் நெருங்கிப் பார்க்க, பிறப்புறுப்பு வழியாக ஒரு மெல்லிய ப்ரோப்பை வைத்துச் செய்யும் ஸ்கேன் உண்டு. இதற்கு நிரம்பிய பை வேண்டாம், சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும். ப்ரோப்புக்குப் புதிய உறை மாட்டுவோம், ஜெல் தடவுவோம். கொஞ்சம் சங்கடமாக இருக்கும், பெரிய வலி இருக்காது. முன்கூட்டியே சொல்லி, உங்கள் சம்மதம் வாங்கித்தான் செய்ய வேண்டும். திருமணமாகாத பெண்களுக்குப் பொதுவாக இது செய்வதில்லை. பெண் உதவியாளர் அறையில் இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. வேண்டாம் என்று சொல்வதும் உரிமை. கட்டிலில் படுத்த பிறகுதான் இதைத் தெரிந்துகொண்டு அதிர்ந்துபோன பெண்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன்.

கர்ப்பிணிகளுக்கு

இந்த எந்திரம் மகப்பேறு மருத்துவத்துக்குள் வந்த கதையைச் சொல்கிறேன். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்தில் இயன் டொனால்டு என்ற மகப்பேறு மருத்துவர், உலோகத்துக்குள் விரிசல் இருக்கிறதா என்று ஒலி அனுப்பிச் சோதிக்கும் தொழிற்சாலைக் கருவியைப் பார்த்து, இதையே வயிற்றுக்குப் பயன்படுத்தினால் என்ன என்று யோசித்தார். டாம் பிரவுன் என்ற பொறியாளரும் அவருடன் உழைத்தார். 1958-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் அவர்களுடைய ஆய்வு வந்தது. அறுவை சிகிச்சைக்கே வழியில்லாத வயிற்றுப் புற்றுநோய் என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்கு இருந்தது பெரிய சினைப்பைக் கட்டி என்று அந்த எதிரொலி காட்டிக் கொடுத்தது. கட்டியை எடுத்தார்கள், அவர் பிழைத்தார். அந்தப் பெண்ணை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

கர்ப்ப காலத்தில் 6 முதல் 8 வாரத்துக்குள் எடுப்பது, கரு சரியான இடத்தில் இருக்கிறதா, இதயம் துடிக்கிறதா என்று பார்க்க. 11 முதல் 14 வாரத்துக்குள் ஒன்று. 18 வாரத்துக்கு மேல், 20 வாரத்தை ஒட்டி, தலை முதல் கால் வரை உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் நீண்ட ஸ்கேன். பிறகு வளர்ச்சியைப் பார்க்க. அந்த நீண்ட ஸ்கேனில் குழந்தை குப்புறப் படுத்துக்கொண்டால் முகமோ இதயமோ தெரியாது. "கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள்" என்று வெளியே அனுப்புவோம். குழந்தைக்குக் குறை என்று பொருள் இல்லை, புரண்டு கொடுக்கக் காத்திருக்கிறோம். மாதம் ஏறிய பிறகு பொதுவாகத் தண்ணீர் குடித்து அடக்கி வைக்கத் தேவையில்லை, பனிக்குட நீரே போதும்.

மருத்துவத் தேவைக்காக எடுக்கும் ஸ்கேனால் தாய்க்கோ குழந்தைக்கோ தீங்கு வந்ததாக இத்தனை வருடங்களில் நிரூபிக்கப்படவில்லை. அதற்காகக் குழந்தையின் முகம் பார்க்கும் ஆசைக்காக எடுத்துக்கொண்டே இருப்பதும் சரியில்லை. தேவைப்படும்போது, தேவைப்படும் நேரம் மட்டும்.

ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்காதீர்கள். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைச் சொல்லாலோ சைகையாலோ வேறு எந்த வழியிலோ தெரிவிப்பது குற்றம், 3 ஆண்டு வரை சிறை உண்டு. பாலினம் அறிவதற்காக ஸ்கேனை நாடுகிறவருக்கும் தண்டனை உண்டு. அறை வாசலில் தொங்கும் அறிவிப்புப் பலகையும், ஒவ்வொரு கர்ப்பிணியிடமும் அடையாள அட்டை கேட்டு, கையெழுத்து வாங்கி நாங்கள் நிரப்பும் படிவமும் அதற்காகத்தான். பதிவு பெறாத இடத்தில் இந்த எந்திரத்தை வைத்துக்கொள்ளவே முடியாது. ஒரு ஸ்கேனுக்காக உதகைக்கும் குன்னூருக்கும் வர வேண்டியிருக்கிறதே என்று சிலர் குறைப்படுவது எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தச் சட்டம் எத்தனை பெண் குழந்தைகளுக்காக எழுதப்பட்டது என்று நினைத்துப் பார்த்தால், அந்தப் படிவத்தை நிரப்புவதில் எனக்கு ஒரு நாளும் அலுப்புத் தட்டியதில்லை.

ரிப்போர்ட்டில் இருக்கும் சொற்கள்

வெளியே வந்து ரிப்போர்ட்டைப் பிரித்துப் பார்த்ததும் ஆங்கிலச் சொற்கள் பயமுறுத்தும். அவற்றில் பாதி 'எக்கோ' என்ற சொல்லிலிருந்துதான் கிளைக்கின்றன. 'எக்கோடெக்ஸ்சர் நார்மல்' என்றால் எதிரொலி வழக்கமான சீரில் இருக்கிறது. 'அனெக்கோயிக்' என்றால் எதிரொலியே இல்லை, அதாவது உள்ளே நீர். 'ஹைப்பர்எக்கோயிக்' என்றால் சுற்றியிருப்பதைவிடப் பளிச்சென்று இருக்கிறது. அதோடு 'அக்கவுஸ்டிக் ஷேடோ' என்றும் எழுதியிருந்தால் பின்னால் நிழல் விழுகிறது, கல்லாக இருக்கலாம். கல்லீரலின் எதிரொலி கூடியிருக்கிறது என்று இருந்தால் பெரும்பாலும் கொழுப்பு படிந்திருப்பதைச் சொல்கிறார்கள். கடைசியில் 'இம்ப்ரெஷன்' என்று இருக்கும் இரண்டு மூன்று வரிதான் சாரம்.

'கிளினிக்கல் கோரிலேஷன்' தேவை என்று எழுதியிருப்பார்கள். எதிரொலியில் தெரிந்ததை, உங்கள் வலி, காய்ச்சல், ரத்தப் பரிசோதனை ஆகியவற்றோடு சேர்த்துப் பார்த்து உங்கள் டாக்டர் முடிவு செய்ய வேண்டும் என்று பொருள். ஏனென்றால் இந்த ஸ்கேனுக்கு எட்டாதவை நிறைய உண்டு. நுரையீரலின் உட்பகுதி காற்று நிறைந்தது. வளர்ந்தவர்களின் மூளை மண்டையோட்டுக்குள் இருக்கிறது. கைக்குழந்தைக்கு உச்சிக்குழி மூடாததால் அதன் வழியாக மூளையைப் பார்க்க முடியும், நமக்கு முடியாது. குடலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சின்னக் கல் தப்பிவிடலாம். கணையம் காற்றுக்குப் பின்னால் மறைந்துபோகலாம். ஸ்கேன் நார்மல் என்று வந்தும் வலி தொடர்ந்தால், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் திரும்பப் போங்கள். வலி பொய் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

பழைய ரிப்போர்ட்டை எறிந்துவிட வேண்டாம். இந்த ஈரத்தில் காகிதம் பூசணம் பிடிக்கும், ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். கொலக்கம்பை அக்காவுக்கு அன்று சினைப்பையில் ஒரு சிறிய நீர்க்கட்டி தெரிந்தது. சில வாரங்கள் கழித்து மறுபடி பார்க்கச் சொன்னார் டாக்டர். பழைய ரிப்போர்ட்டை மஞ்சள் பையில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். பழைய அளவையும் புதிய அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் கட்டி சுருங்கியிருந்தது தெரிந்தது. அந்த முறை அவர் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு, பஸ் நிலையத்தில் இறங்கி, எங்கள் வாசலில் உட்கார்ந்த பிறகுதான் மூடியைத் திறந்தார்.